கைபடாத பிரிவு

"வண்டி நிக்க மாட்டேங்குது, கெத்தின். வளைவுக்கு முன்னால மிதிச்சா, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது," என்றார் டெஸ்மண்ட் பார்ஜெட்டர். குரலில் கவலை இல்லை, பெருமைதான் இருந்தது.

மெக்கானிக் கெத்தின் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். இரும்பு நீலம் பாரித்திருந்தது. "பிரேக் ஆயிலே கொதிச்சிருக்கும். இந்த மாடல்ல இவ்வளவு சூட்டை நான் பார்த்ததே இல்ல."

"மாடல்ல என்ன இருக்கு? ஓட்டுறவன்கிட்ட இருக்கு."

கெத்தின் டிஸ்க்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

அந்தச் சிவப்பு ஹேட்ச்பேக், பார்வைக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டி, பாய்ச்சலில் அப்படியன்று. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மலைப்பாதையில் மாதம் ஒரு ஞாயிறு கார் சங்கம் நடத்தும் ஏற்றப் பந்தயத்தில், டெஸ்மண்ட் அதைக் 'கைபடாத பிரிவில்' ஓட்டிவந்தார். அப்பிரிவில் டயரை மாற்றலாம், பிரேக்கை மாற்றலாம். எஞ்சின் மட்டும் தொழிற்சாலையில் பிறந்தபடியே இருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகளாகக் கடைசி இடத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் வியாழக்கிழமை வரை வீட்டில் எவரோடும் பேசமாட்டார். அவ்வீட்டில் அவரையன்றி இருந்தவர் மனைவி ரோவினா ஒருவரே. இந்த ஆண்டோ மூன்று பந்தயம், மூன்றிலும் முதலிடம். ஐம்பத்தெட்டு வயதில் தமக்குத் திறமை பிறந்துவிட்டதாக டெஸ்மண்ட் நம்பினார்; சங்கக் கூட்டத்தில் அதை இருமுறை அறிவித்தும் இருந்தார்.

"நாளன்னைக்கும் ஜெயிச்சா கோப்பை நம்ம வீட்டுக்கு," என்றார். "நடுவுல அந்த டட்ஜ் பய ஒருத்தன்தான். எனக்கு அரை செகண்டு பின்னால வர்றான். அவன் ஓட்டுற லட்சணத்துக்கு அது வராது. எஞ்சின்ல கை வெச்சிருக்கான்."

"பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? சங்கத்துக்கு லெட்டர் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில எல்லா வண்டி எஞ்சினையும் சோதிக்கணும், மாட்டினவனை ஆயுசுக்கும் விலக்கணும். ஒத்துக்கிட்டாங்க."

ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த ரோவினா நிமிர்ந்தார். "டட்ஜ் பாவம், விட்டுடேன் டெஸ்மண்ட்."

"பாவமா? அவன்மேல உனக்கென்ன அவ்வளவு அக்கறை?"

"அக்கறையும் இல்ல, சக்கரையும் இல்ல. ஊரே ஒரு பப்புலதான் உக்காருது. நாளைக்கு அவன் முகத்துல முழிக்கணுமே."

"திருட்டுப்பய முகத்துல நான் எதுக்கு முழிக்கணும்?"

கெத்தின் புது பிரேக் வந்திருந்த பெட்டியைப் பிரித்தான். பெரிய டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், எஃகுப் பின்னல் போர்த்த குழாய்கள். "பழைய வீலுக்குள்ள காலிப்பர் இடிக்குதான்னு பார்க்கணும். நாளைக்கு மதியம் வண்டி ரெடி. இன்ஷூரன்ஸுக்கு மட்டும் சொல்லிடுங்க."

வண்டியில் எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் அறிவித்தாக வேண்டும். மறைத்தவனுக்கு, விபத்து நேரும் நாளில் அவர்கள் கைவிரித்துவிடுவார்கள். அவ்வீட்டில் காப்பீட்டு வேலைகளைக் கவனிப்பவர் ரோவினா. அவர் உடனே எழுந்தார். "நான் பேசிக்கறேன். உனக்கு போன்ல அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே காத்திருக்கப் பொறுமை இருக்காது."

"இல்ல, நானே பேசறேன். ஒருத்தன்மேல புகார் குடுத்திருக்கேன். என் பக்கம் ஒரு ஆணியும் மறைவா இருக்கக் கூடாது."

"டெஸ்மண்ட், வீட்டுக்குப் போய்ப் பேசலாம். இங்க ஒரே சத்தம்."

"கெத்தினும் கேக்கட்டும். நாளைக்குச் சாட்சி சொல்ல ஒருத்தன் வேணும்." அவர் கைபேசியின் ஒலியைக் கூட்டி, பானட்டின்மேல் வைத்தார்.

காத்திருப்புப் பாட்டு பதினொரு நிமிடம் ஓடியது. அதற்குள் ரோவினா இருமுறை கைபேசிக்குக் கை நீட்டினார்; இருமுறையும் டெஸ்மண்ட் அதை நகர்த்தி வைத்தார். பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டது.

"முன்பக்கம் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர், எஃகுப் பின்னல் ட்யூப்," என்று ஒவ்வொன்றாகச் சொன்னார் டெஸ்மண்ட். "ஒண்ணு விடாம எழுதிக்கோம்மா. நான் ஒளிவுமறைவு இல்லாதவன்."

"எழுதிட்டேன் சார். பழைய மாற்றம் அப்படியேதானே இருக்கு?"

"பழைய மாற்றமா? பிரேக்கைத் தவிர இந்த வண்டியில ஒரு திருகாணிகூட மாறினதில்லம்மா. சங்கத்துக்கே அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. கெத்தின் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"எஞ்சின் பவரை நாப்பது குதிரை ஏத்தியாச்சுன்னு உங்க மனைவி மார்ச் மாசமே சொல்லிட்டாங்களே, சார்."