ஒரு கையெழுத்துதான் பாக்கி

“ஜெர்மனியில ரொம்பக் குளிரும்ப்பா. நான் போகல.”

கார்ல் ப்ரூகர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். காதில் விழுந்தது சரிதானா என்று மகனையே பார்த்தார்.

“குளிரா? போன ஜனவரி கொட்டுற பனியில, அரைக்கால் டிரவுசரோட ரெண்டு மணி நேரம் பந்து உதைச்சவன் யாருடா? பக்கத்து வீட்டுக்காரனா?”

டெவினுக்குப் பதினாறு வயது ஆகப்போகிறது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் அவனைப் போல இடது காலால் பந்தைத் திருப்புகிறவன் இன்னொருவன் இல்லை என்று பயிற்சியாளர் இபாராவே சொல்லிவிட்டார். ஜெர்மன் கிளப்பிலிருந்து வந்து மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு, ‘ஆகஸ்டில் வந்து சேர்’ என்று கடிதமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வெறும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு போவதென்றால் பதினெட்டு வயது ஆக வேண்டும். ஐரோப்பிய நாடு ஒன்றின் பாஸ்போர்ட் இருந்தால் பதினாறிலேயே போகலாம். டெவினின் தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர்; அதனால் பேரனுக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்கும். அந்தப் பிறப்புச் சான்றிதழும் கைக்கு வந்தாயிற்று. டெவினின் அம்மா லோர்னா உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். கடைசிப் பக்கத்தில் பையனின் கையெழுத்துதான் பாக்கி. திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்கிறானே!

“குளிர் மட்டும் இல்ல. அங்க சாப்பாடும் ஒத்துக்காது” என்றான் டெவின்.

“நீயா? நேத்து ராத்திரி ஒரு முழு பீட்சாவைத் தனியாளா முடிச்ச. உனக்கு கல்லே செரிக்கும்.”

“பாஷை தெரியாது.”

“பந்துக்கு என்னடா பாஷை?”

“மரியேலா...”

“எந்த மரியேலா? உனக்குத்தான் பொண்ணுங்களைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்குமே!”

டெவின் எழுந்து, பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கார்லுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரொட்டிக் கம்பெனி லாரி ஓட்டுகிறவர் அவர். பதினோரு வருடமாக, வேலை முடிந்த கையோடு இவனை மைதானம் மைதானமாகக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். இந்தக் கடிதம் வந்த அன்று இவன்தான் அவரைத் தூக்கிக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். முந்தாநாள் வரை அதே உற்சாகம்தான். இரண்டே நாளில் என்ன வந்தது?

“லோர்னா, உன்கிட்ட ஏதாவது சொன்னானா?”

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். “எனக்கு முகம் கொடுத்துப் பேசவே மாட்டேங்கிறான். கேட்டா, ‘ஒண்ணுமில்லம்மா’ங்கிறான்.”

இபாராவுக்குப் போன் போட்டார்.

“என்கிட்ட முட்டி வலிக்குதுன்னு சொன்னான் சார்” என்றார் அவர். “பச்சைப் பொய். நேத்துகூட நாலு கோல் போட்டான். திங்கட்கிழமையைத் தாண்டினா அந்த இடத்தை நியூஜெர்சி பையனுக்குக் கொடுத்துடுவாங்க. எப்படியாவது பேசிப் பாருங்க.”

கார்ல் விண்ணப்பத்தை எடுத்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு நடந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. டெவின் தன்னந்தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான், கோபம் முழுவதையும் காலில் வைத்து.

“பயமா இருக்காடா?”

“இல்ல.”

“எங்களை விட்டுட்டுப் போகணுமேன்னு இருக்கா? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாக்கறோம்.”

“அதுவும் இல்லப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு, நம்ம பாஸ்போர்ட்லயே போறேன். விட்டுடுங்க.”

“ரெண்டு வருஷம் கழிச்சு கூப்பிடுவாங்கன்னு யாரு கண்டா? எனக்கு மண்டை வெடிச்சுடும் போல இருக்கு. என்னதான்டா உன் பிரச்சினை? வாயைத் திறந்து சொல்லேன்!”

பந்து உருண்டு தூரப் போயிற்று. டெவின் அதை எடுக்கப் போகவில்லை.

“அம்மா எழுதின அந்த ஃபாரத்தை நீங்க படிச்சீங்களா?”

கார்ல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“படிக்காதீங்க. மூணாம் பக்கத்தைப் பிரிக்கவே பிரிக்காதீங்க.” அவன் குரல் உடைந்தது. “‘அப்பா பெயர்’னு போட்டு, அதுக்கு நேரா யாரோ டூலன்னு ஒருத்தன் பேரை எழுதி வச்சிருக்காங்க. கடைசிப் பக்கத்துல, ‘இதெல்லாம் உண்மை’ன்னு நான் கையெழுத்துப் போடணுமாம். போட மாட்டேன்ப்பா. ஜெர்மனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுதான் நினைச்சேன். நீங்க அம்மாகிட்ட எதுவும் கேக்காம, சண்டை போடாம இருந்தீங்கன்னா அதுவே எனக்குப் போதும்.”

கார்லுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. புற்றரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மகன் பக்கம் நீட்டினார்.

“நான் எதுக்குடா சண்டை போடணும்? நான் உங்கம்மாவை முதல்முதலாப் பார்த்தப்பவே நீ எட்டு மாசக் கைக்குழந்தை. அந்த டூலனைத் தேடி பாஸ்டன் வரைக்கும் போய், ரெண்டு நாள் அவன் வாசல்ல நின்னு, அவங்கப்பனோட அயர்லாந்துப் பிறப்புச் சான்றிதழைக் கெஞ்சி வாங்கிட்டு வந்ததே நான்தான்டா.”