களவு போன கவர் புளொக்

"அக்கா, கவர் புளொக் ஒண்டையும் காணல்ல!"

மாடிக்குக் கொங்கிறீட் சிலாப் போட அடித்த பலகைக்கு மேலே நின்று மேசன் மனுவேல் பாஸ் கத்திய கத்தில், கீழே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பளீலா கேத்திலை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அதென்ன பாஸ், விலை கூடின சாமானா?"

"தீப்பெட்டி அளவு கொங்கிறீட் கல்லு அக்கா. கம்பி பலகையில முட்டாமத் தூக்கிப் பிடிக்கிறது அதுதான். அது இல்லாமப் போட்டா கம்பி அடியில ஒட்டிப் போகும். குறிஞ்சிப்பிட்டிக் கடல் காத்துக்குக் கறள் பிடிச்சு, சிலாப் துண்டு துண்டா உங்கட தலையில விழும்."

"யா அல்லாஹ்! வேற வாங்கேலாதா?"

"எங்க போய் வாங்க? கொங்கிறீட் லொறி பாலாவி தாண்டிட்டு, இப்ப வந்திடும்!"

பளீலா சேலையை இழுத்துச் செருகினாள்.

"இது ஆர்ர வேலை எண்டு எனக்குத் தெரியும்."

பக்கத்து வீட்டு ரம்ஸியாதான், வேறு யார்? புருஷனின் கூடப்பிறந்த தங்கை. பளீலாவின் வட்டிலப்பத்தில் இனிப்புக் காணாது என்று அவள் வாய் தவறிச் சொல்லப் போய், ரெண்டு பெருநாளாக ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"நம்மட வீடு மாடியாகுது எண்ட வயித்தெரிச்சல் அவளுக்கு!"

"சும்மா பழி போடாத பளீலா," என்று முனகினார் புருஷன் அத்தாஉல்லா.

"தங்கச்சி எண்டா உங்களுக்கு உருகிடுமே!"

இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் அகப்படுவதைவிடச் சிலாப் இடிந்து விழுவதே மேல் என்று, மனுசன் பாஸுக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டார்.

பளீலா வேலியால் எட்டிப் பார்த்தாள். பார்த்தால், ரம்ஸியாவின் கிணற்றடியில் ரெண்டு வாளி நிறைய அத்தனை கல்லும்!

"அடியேய் ரம்ஸியா! வெளிய வாடி கள்ளி!"

சண்டை பார்க்க ஒழுங்கை நிறைய ஆள் கூடிவிட்டது. ரம்ஸியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை.

"ஓம், நான்தான் எடுத்தன். அதுக்கு இப்ப என்ன?"

"என்னவா? எங்கட சிலாப் இடிஞ்சு விழோணும் எண்டுதானே எடுத்த?"

ரம்ஸியா முழுசினாள்.

"என்ன கதை மதினி இது? சுபஹ் தொழுதிட்டு உங்கட பலகையில ஏறிப் பார்த்தன். கம்பிக்குக் கீழ முழுக்கக் கல்லு! உங்கட பாஸ் குப்பையும் கூட்டாமக் கொங்கிறீட் போடப் போறான், உங்களுக்குச் சொல்லுவம் எண்டா நமக்குப் பேச்சுமில்ல. கம்பியத் தூக்கித் தூக்கி ஒண்டொண்டாப் பொறுக்கினதில என்ட இடுப்பே போயிட்டு. உங்களோட கதைக்காட்டி என்ன, அந்தச் சிலாப்புக்குக் கீழ படுக்கிறது என்ட கூடப்பிறந்த நானாட புள்ளைகள்தானே!"