சின்னதா ஒரு எல் போர்டு

ஷெஃபீல்டு மழையில் நனைந்தபடி ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் கிளைவ். வேலைக்குப் போய்வர மலிவாக வாங்கிய சைனா பைக். துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்றி, தோல் சீட்டு போட்டு, கரும்பச்சைப் பெயின்ட் அடித்து, அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி மாதிரியே ஆக்கியிருந்தார். பின்னால் இருந்த எல் போர்டுதான் மானத்தை வாங்கியது.

"என்னண்ணே, பைக் லைசென்ஸ் டெஸ்ட்ல மறுபடியும் ஃபெயிலா?" என்றான் மெக்கானிக் கெத்தின்.

"திரும்புறப்போ சக்கரம் தரையில வச்சிருந்த ஒரு கூம்புல லேசாப் பட்டுச்சு. அதுக்கே ஃபெயில் போட்டுட்டான். ஈவு இரக்கமே இல்லாத எக்ஸாமினர்."

"ஐம்பது வயசுல எல் போர்டு. கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கழுத்துல பால்புட்டி மாட்டின மாதிரி இருக்கு."

"சிரிக்காதடா. இதைச் சின்னதா வெட்டி சீட்டுக்கு அடியில மாட்டிக் குடு."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லண்ணே. பாஸ் பண்ணிட்டு வாங்க, நானே கழட்டிடறேன்." கெத்தினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாளைக்குக் காலையில வராதீங்க. எனக்கு வெளியில வேலை இருக்கு."

மறுநாள் காலை கிளைவ் வழக்கம்போல் இரண்டு தெரு தள்ளி, புதர் மறைவில் வண்டியை நிறுத்திவிட்டு ஆபீசுக்கு நடந்தார். ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அன்றைய முதல் பெயரைப் பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"கார் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வந்திருக்கிற மிஸ்டர் கெத்தின்?"

பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருந்த கெத்தின் நிமிர்ந்தான். கிளைவின் சட்டையில் குத்தியிருந்த 'எக்ஸாமினர்' அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சார்," என்றான். "அந்த போர்டைச் சின்னதாவே வெட்டிடலாம் சார்."