இப்படிக்கு, சிடுமூஞ்சி

"இன்னிக்காவது ஒத்துக்கோயேன். அந்தச் சிடுமூஞ்சி நீதானே?"

கார்ட்டூனிஸ்ட் கேட்டதும், நூறாவது இதழுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க 'ஓட்டை வாளி' பரவிக் கிடந்தது. அந்த வீட்டில் சாப்பிடுவதற்கென்று அந்த மேசை கிடைத்துப் பல வருடம் ஆகிறது.

'ஓட்டை வாளி' அவரே எழுதி, அவரே வரைந்து, பின்னறையில் அவரே அச்சடித்து, கடை கடையாக அவரே போட்டுவிட்டு வரும் காமிக்ஸ். குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு கழுதைதான் கதாநாயகன். முப்பத்தொரு வருடமாக அந்தக் கழுதைக்கும் பதவி உயர்வு இல்லை, இவருக்கும் இல்லை.

"நானா? என்னங்க உளர்றீங்க?"

"நடிக்காத. சாயங்காலம் சிறுபத்திரிகைக் கண்காட்சியில எனக்குக் கேடயம் தர்றாங்க. 'நெடுநாள் வாசகர் சிடுமூஞ்சியின் கையால்'னு நோட்டீஸே அடிச்சுட்டாங்க. நீ மேடை ஏறித்தான் ஆகணும்."

விஷயம் இதுதான். வாசகர் கடிதம் இல்லாமல் என்ன பத்திரிகை என்று, முதல் இதழில் அவரே தன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி, 'இப்படிக்கு, சிடுமூஞ்சி' என்று போட்டார். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவரேதான். அதற்குள் யாரோ நாலைந்து பேர் சொந்தப் பெயரில் பாராட்டி எழுதியிருந்தார்கள். பாராட்டை அச்சில் போட அவருக்குக் கூச்சம். போடவில்லை. அப்புறம் அவர்களும் எழுதவில்லை. நாலாவது இதழுக்குச் சிடுமூஞ்சியிடமிருந்து தபாலில் கடிதம் வந்தது, அவர் எழுதாமலே.

"நாலாவது இதழ்லேர்ந்து நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். ஒவ்வொரு இதழுக்கும் அஞ்சாறு லெட்டர்! கையெழுத்தைக்கூட மாத்தி மாத்தி எழுதுவே. 'உம்முடைய கழுதைக்கு இந்த முறை ஐந்து கால், எண்ணத் தெரியாதா'ன்னு கேட்டியே, பொண்டாட்டியைத் தவிர யாரு இவ்வளவு உன்னிப்பா குத்தம் கண்டுபிடிப்பா? நான் சோர்ந்துடக் கூடாதுன்னுதான் நீ திட்டறேன்னு நெனச்சு, ஒண்ணு விடாம போட்டேன்."

மனைவி ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள்.

"அடக் கடவுளே! நீங்கதான் எழுதறீங்கன்னு இல்ல நான் நெனச்சிட்டிருக்கேன்! வலது கை, இடது கைன்னு மாத்தி எழுதி, மெனக்கெட்டுத் தபால்ல போட்டு, வந்ததும் குழந்தையாட்டம் பிரிச்சுப் படிக்கிறாரே, பாவம், கேட்டா மனசு ஒடிஞ்சிடுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

முப்பத்தொரு வருடமாக ஒருவருக்கொருவர் காட்டிய கருணை, ஒரே நிமிடத்தில் வீணாய்ப் போனது.

"அப்போ யாருடி அது?"

"எனக்கென்ன தெரியும்? யாரோ வேலையத்த ஆளு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வாசகர் எண்ணிக்கை பூஜ்ஜியம், இப்போது ஒன்று. அந்த ஒருவனும் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறான்.

"நூறோட நிறுத்திடறேன். இன்னிக்கு மேடையிலயே சொல்லிடப் போறேன்."

"நிறுத்திட்டு? நாள் முழுக்க உக்காந்து என் சமையலைக் குறை சொல்லவா?" என்றவள், குரலை இறக்கினாள். "ஒருத்தனாவது படிக்கிறான் இல்லீங்க? அவனுக்காக வரைங்களேன்."

"ஒருத்தனுக்காக முந்நூறு காப்பி அடிக்கிறவனுக்குக் கிறுக்கன்னு பேரு. மீதியெல்லாம் எங்க போகுது? உன் தம்பியே சன்னல் ஆடாம இருக்க மடிச்சுச் சொருகி வெச்சிருக்கான்!"

தம்பியைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவள் வாதத்தைக் கைவிட்டாள்.

சாயங்காலம் அரங்கு நிரம்பி வழிந்தது. கவிதைப் புத்தகம் போடுகிறவர்களுக்குச் சொந்தபந்தம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார் கார்ட்டூனிஸ்ட். மனைவி முதல் வரிசையில் இருந்தாள்.

கண்காட்சியை நடத்தும் பெண்மணி மைக்கைப் பிடித்தார். "சிடுமூஞ்சி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

கார்ட்டூனிஸ்ட் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நிறுத்துவதற்கு முன்னால் அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் அவருக்கு.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பஸ் டிரைவர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி வந்தார்.

"நீங்கதானா? எம்மேல அப்படி என்னங்க கோவம்?"

"கோவமா? ஐயோ சார், உங்க கழுதைன்னா எனக்கு உசுரு! ஆரம்பத்துலயே பாராட்டி என் பேர்ல ரெண்டு லெட்டர் எழுதினேன், நீங்க போடல. சிடுமூஞ்சி திட்டறது மட்டும் தவறாம வருது. சரின்னு நானும் அதே பேர்ல திட்டி எழுதினேன். உடனே அச்சுல வந்துடுச்சு! வீடு வீடாக் கொண்டுபோய்க் காட்டினேன் சார்."

முப்பத்தொரு வருடத்துக்கு ஒரு வாசகன். திட்டுகிறவன்கூட இல்லை, நேசிக்கிறவன். கார்ட்டூனிஸ்ட் டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமும் சலிக்காம எழுதினீங்களே. நீங்க ஒருத்தர் போதும் எனக்கு."

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "சார், நான் எழுதினது மொத்தமே ஏழு லெட்டர்தானே?"

"தள்ளாதீங்க, நானும் சிடுமூஞ்சிதான்!" என்று பின்னால் ஒரு குரல் கேட்க, கார்ட்டூனிஸ்ட் திரும்பிப் பார்த்தார்: முதல் வரிசையில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த மனைவியைத் தவிர நாற்காலிகளில் ஒருவரும் இல்லை, மேடைப் படியில் தொடங்கிய வரிசை வாசலையும் தாண்டிப் போயிருக்க, மைக்கை வைத்துவிட்டு அந்தப் பெண்மணியும் அதன் கடைசியில் இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.