வீடு பார்க்க வந்தவர்கள்

“இந்த ஈரம் உங்க உடம்புக்கு ஒத்துக்காதுங்க. உள்ள வந்ததுலேருந்து தும்மிக்கிட்டே இருக்கீங்க” என்றார் கலாதேவி, மாடி அறைச் சுவரைத் தடவிப் பார்த்தபடி.

“என் தும்மல் கெடக்கட்டும். இந்த மரப்படி ஏறி வர்றதுக்குள்ள உங்களுக்கு எப்படி மூச்சு வாங்குச்சு? தெனம் ஏறி எறங்க முடியுமா?” என்றார் உடையப்பன்.

வீட்டுக்காரி நல்லம்மாள் கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

தைப்பிங்கில் மலையடிவாரத்தை ஒட்டிய பழைய வீடு அது. ஈயம் தோண்டிய காலத்தில் யாரோ ஒரு சீனத் தவுக்கே முதலாளி கட்டியது. நல்லம்மாளும் அவள் கணவரும் அதை வாங்கி, சண்டை போட்டும் சிரித்தும் அங்கேயே வாழ்ந்தார்கள். அவர் போன பிறகு, ஈப்போவில் இருக்கும் மகள் சரளா, “ஒத்தையில கெடக்காம எங்ககூட வந்துருங்கம்மா” என்று பிடித்துக்கொண்டாள். இணையத்தில் விளம்பரமும் போட்டுவிட்டாள்.

ஆட்கள் வராமல் இல்லை. ஒருவர் படிக்கட்டைப் பிடுங்கிவிட்டுத் தங்கும் விடுதியாக்கப் போகிறேன் என்றார். இன்னொருவர் அறை அறையாகப் பலகையடித்து வாடகைக்கு விடுவாராம். நல்லம்மாள் இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து, கேட் வரை வந்து வழியனுப்பிவிட்டாள். புருஷன் பெண்சாதியாகக் குடியிருக்க வருகிறவர்களுக்குத்தான் சாவி என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

“இப்படிப் பார்த்தா நீங்க யாருக்குமே விக்க மாட்டீங்க. இந்த மாசத்தோட சரி. அப்புறம் யாரு கேட்டாலும் நானே குடுத்துருவேன்” என்று சரளா நேற்றுதான் கோபமாகப் போனை வைத்தாள்.

இன்று காலை மழையோடு மழையாக இவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இருவருக்குமே ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

“ஈப்போவிலேருந்தா வாரீங்க?”

இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

“குடியிருக்கத்தானே வாங்கறீங்க?”

“ஆமாக்கா.” அதுவும் ஒரே குரலாக வந்தது.

நல்லம்மாளுக்கு அப்போதே பாதி மனசு நிறைந்துவிட்டது. படித்தவர்கள் போல. புருஷனே பெண்சாதியை ‘நீங்க’ போட்டுத்தான் பேசுகிறார். அவள் கணவர் ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாரா?

மாடியிலிருந்து சமையலறைக்கு வந்தார்கள். உடையப்பன் பின்பக்கச் சன்னலைத் திறந்தார். மேகம் லாருட் மலையின் பாதி வரை இறங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு சட்டென்று நினைவு வந்தவராகத் திரும்பினார்.

“இங்க கொரங்கு வரும், தெரியும்லா? சன்னலத் தொறந்து வெச்சா சட்டியோட தூக்கிட்டுப் போயிரும். நீங்க தனியா இருக்கறப்ப வந்துச்சுன்னா என்ன செய்வீங்க?”

“கொரங்கு பரவால்ல. மலையடிவாரம்னா பாம்பும் வரும்” என்றார் கலாதேவி. “அதோட தைப்பிங்ல மழ ஓயாது. துணி காயாது. உங்களுக்குத்தான் ரொம்ப சூசா, கஷ்டம்.”

“பாம்பெல்லாம் வராதும்மா. உடும்பு ஒண்ணு வரும். அது பாட்டுக்கு வேலியோரமா போயிரும்” என்று நல்லம்மாள் குறுக்கே புகுந்து வீட்டின் மானத்தைக் காப்பாற்றினாள்.

கலாதேவி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தரையிலிருந்த பூப்போட்ட பழைய ஓடுகளைக் குனிந்து விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். உடையப்பன் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, “வழுக்கும் போல” என்றார்.

ஒருவருக்கு ஒருவர் இவ்வளவு அக்கறையா? ஆனால் இப்படியே போனால் இந்த அக்கறையாலேயே வீடு கைநழுவிவிடும் போலிருந்தது. நல்லம்மாள் கவலையோடு தேத்தண்ணி கலக்கப் போனாள்.

பின்னாலேயே உடையப்பன் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா, வீட்ட நான் எடுத்துக்கறேன். இந்த மாதிரி எடத்துக்காக எத்தன வருஷமா அலையறேன் தெரியுமா? ஆனா அவங்க காதுல இப்ப போட வேணாம்.”

நல்லம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பெண்சாதிக்குத் தெரியாமல் வாங்கி அசத்தப் பார்க்கிறார். “மூச்சு விட மாட்டேன் தம்பி. வீடு ஒங்களுக்குத்தான்” என்று அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள்.

அவர் கழிவறைப் பக்கம் போனதுதான் தாமதம், கலாதேவி உள்ளே வந்தார்.

“அக்கா, எனக்கு இந்த வீடு ரொம்பப் புடிச்சிருக்கு. எனக்கே குடுத்துருங்க. அவருக்கு மட்டும் இப்ப தெரிய வேணாம்லா.”

நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி ஒரு ஜோடியை அவள் பார்த்ததே இல்லை. கலாதேவியின் கையையும் பிடித்து, அதே வாக்கைக் கொடுத்தாள். சரளாவிடம் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் உடையப்பன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கலாதேவி நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே காடி உறுமும் சத்தம் கேட்டது. நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர் கார் சாலைக்கு ஏறி, திரும்பியும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

“என்னம்மா இது, ஒங்க வீட்டுக்காரரு ஒங்கள விட்டுட்டுப் போறாரு?”

“வீட்டுக்காரரா?” கலாதேவி நிமிர்ந்தார். “அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. அவரும் இந்த வீட்ட வாங்கத்தான் வந்தாரு. எப்படியோ ஒரு வழியா பயம் காட்டி அனுப்பிட்டேன்லா.”