சோதினைக் காலத்துப் பைலா

"பேணாட் அண்ணன்! அந்தக் கறுமத்தை நிப்பாட்டப் போறீங்களோ இல்லையோ?"

வேலிக்கு மேலால் எட்டிக் கத்தினாள் தயாளினி. அந்தப் பக்கம் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, இவர்கள் வீட்டு யன்னலைப் பார்த்தபடி பைலாப் பாட்டை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது.

கலியாண வீடுகளுக்குச் சவுண்ட் செற் வாடகைக்குக் கொடுக்கிற பேணாட், காதில் கையை வைத்து, "என்ன தங்கச்சி? கேக்கேல்லை!" என்றான்.

"எப்பிடிக் கேக்கும்? செத்த பிணமும் எழும்பி ஆடும் உங்கட பாட்டுக்கு! உள்ளுக்கு என்ர பிள்ளை படிக்கிறாள். சனிக்கிழமை சோதினை!"

"தெரியும். என்ர தினுஷாவுக்கும் அதே சோதினைதானே. பெட்டி கனநாள் சும்மா கிடந்தது, ஓடவிட்டுப் பாக்கோணும். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டுச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

வெளிநாட்டுக்குப் போன ஊர்ச்சனம் சேர்ந்து வைக்கிற சோதினை அது. முதலாவதாக வருகிற ஒரேயொரு பிள்ளைக்குக் கம்பஸ் படிப்பு முடியும்வரை முழுச் செலவும் அவர்களுடையது. கிடைத்தால் மகள் கீர்த்தனி கம்பஸ் போவாள். கிடைக்காவிட்டால் புடவைக்கடை வேலைக்குத்தான். இடியப்பம் அவித்து விற்கிற தயாளினியால் வேறென்ன செய்ய ஏலும்?

போன மாதம் நடந்த மாதிரிச் சோதினையில் தினுஷாதான் முதலாவது. கீர்த்தனி பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்து, "பயந்திட்டன் அம்மா" என்று அழுதாள்.

எதிர்வீட்டுப் புஸ்பராணிக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது.

"நீ ஒரு விசரி தயாளினி. ஒரு இடம், ரெண்டு பிள்ளையள். தன்ர மகளை லைப்ரரிக்கு அனுப்பிப்போட்டு உன்ர மகளுக்குப் பைலா போடுறான். இது கூடவோ தெரியேல்லை?"

அடுத்த நாளே பேணாட் வீட்டுக்குப் போகிற இடியப்பம் நின்றது. எதிரே வந்த தினுஷா "அன்ரி" என்று சிரித்தபோது, தயாளினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

கீர்த்தனி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள். பிறகு பஞ்சையும் காணவில்லை. பைலாவுக்குக் கால் தானாக ஆட, கை கணக்குச் செய்துகொண்டே இருந்தது.

சோதினை முடிந்தது. முடிவும் வந்தது. கீர்த்தனி முதலாவது! தினுஷா இரண்டாவது.

தயாளினி நேரே வேலியடிக்கு ஓடினாள்.

"பாத்தீங்களோ பேணாட் அண்ணன்? என்ர பிள்ளை முதலாவது! உங்கட பெட்டியால அவளை ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு!"

பேணாட் வாயெல்லாம் பல்லாக நின்றான். "முதலாவதோ? அப்ப சரி. இனிப் பெட்டியைத் தூக்கி உள்ளுக்கு வைக்கலாம்."

"என்ன நக்கலோ?"

"இல்லைத் தங்கச்சி. சோதினை வைச்ச மண்டபத்துக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஐஸ் உடைக்கிற இடம். மீன்காரர் எடுக்கிறது. அதுக்கென்ன?"

"மாதிரிச் சோதினையும் அங்கதானே. அந்த மெசின் சத்தத்தில ஒண்டும் ஓடாமல் கீர்த்தனி பேனையை வைச்சிட்டு அழுதவளாம். பக்கத்து மேசையில இருந்த தினுஷா வந்து சொன்னவள். 'அப்பா, இந்த முறையும் அதே மண்டபம்தான். பெட்டியை அவையின்ர பக்கம் திருப்பிப் போடுங்கோ, சத்தத்துக்குள்ள படிச்சுப் பழகட்டும்' எண்டு ஒற்றைக் காலில நிண்டவள்."



"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணன்?"

"கீர்த்தனிக்கு வெக்கமா இருக்குமாம். மூச்சு விடக்கூடாது எண்டு எனக்குக் கட்டளை."

தயாளினி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இடம் அவளுக்கும் தேவைதானே?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'ஐஸ் மெசின் வெண்டு தாற முதலிடம் எனக்கு என்னத்துக்கப்பா?' எண்டிட்டாள்."