தம்பதியர் பிரிவு

"அந்தப் பொம்பளை அந்த ஆளோட பொண்டாட்டியே இல்லை சார்!"

எழுதி எடுத்து வந்த ஆட்சேபணையை நடுவரின் மேசை மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார் கிளப் செயலாளர். டேபிள் டென்னிஸ் மட்டை இன்னும் கையில்தான் இருந்தது. அரையிறுதியில் தோற்று இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வேர்வையும் காயவில்லை, வயிற்றெரிச்சலும் அடங்கவில்லை.

இருக்காதா பின்னே? பதினோரு வருடமாக இந்தப் போட்டியை நடத்துகிறவர் அவர். ஹால் பிடிப்பது, மேசையை இழுத்துப் போடுவது, வலை கட்டுவது, யாரோடு யார் என்று சார்ட் எழுதுவது எல்லாம் அவர்தான். ஆனால் ஒரு வருடமாவது ஒரு கோப்பை அவர் வீட்டுக்குப் போனதா? ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு வெறும் வயிற்றோடு கை கழுவிய கதைதான். அதற்காகவே இந்த வருடம் தம்பதியர் பிரிவு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் மட்டை பிடிக்கத் தெரிந்த வீடு எத்தனை இருந்துவிடப் போகிறது? அவரையும் சேர்த்து ஆறு ஜோடி வந்தது. நாலை ஊதித் தள்ளிவிடலாம். ஐந்தாவது ஜோடி எங்கிருந்தோ வந்து வாயில் மண்ணைப் போட்டது. அவர்களைத் தூக்கிவிட்டால் இறுதி ஆட்டம் இவருக்கு.

"என்னங்க, தோத்தா தோத்தோம்னு வாங்க. எதுக்கு இந்த வேலை?" என்று முணுமுணுத்தாள் அவர் மனைவி.

"நீ சும்மா இரு. ரூல்னா ரூல்தான்."

நடுவர் தலை நிமிரவில்லை. சங்கத்திலிருந்து அனுப்பிய வெளியூர் ஆள். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர், ஸ்கோரைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. ஆட்டக்காரர்கள் அதற்குள் 'கல்லுளிமங்கன்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சொந்தப் பெயரை யாரும் கேட்கவுமில்லை. செயலாளருக்கு மட்டும் அவரைப் பிடித்திருந்தது. அரையிறுதி முழுக்க அந்த ஜோடியின் முகத்தைக்கூட மனிதர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்தார். நடுவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"ஆதாரம்?" என்றார் நடுவர்.

"இதோ." சங்கம் கொடுத்திருந்த அந்தப் பெண்ணின் பதிவு அட்டையை நீட்டினார் செயலாளர். காலையில் எல்லோரிடமும் வாங்கி வைத்தது. தோற்ற பிறகுதான் எடுத்து உற்றுப் பார்க்கத் தோன்றியது. "கணவர் பெயர்னு இருக்கிற இடத்தைப் பாருங்க. கூட ஆடுற ஆளோட பேரா அது? வேற எவனோ ஒருத்தன்! புருஷன் ஒருத்தன், பார்ட்னர் ஒருத்தன். கேட்டா தம்பதியாம்!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவர் அட்டையை வாங்கினார். ஒரு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சுவரோரமாக நின்றிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. கூட ஆடியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பழைய அட்டை சார், மாத்தாம விட்டுட்டேன். நாங்க விலகிக்கிறோம். அவங்களே ஆடட்டும்."

"பார்த்தீங்களா! மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்!" செயலாளர் குதித்தார். "விலகுறதெல்லாம் அப்புறம். அட்டையில இருக்கிற ஆளுக்கு ஒரு போன் போடுவோம். 'ஐயா, உங்க வீட்டுக்காரம்மா இங்க எவனோடயோ ஜோடி போட்டு ஆடுது, தெரியுமா?'ன்னு அவன்கிட்டயே கேட்டுடுவோம்."

"அவரைக் கேட்க வேண்டாம் சார்." அவள் குரல் உடைந்தது. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

செயலாளரின் மனைவிக்கே பொறுக்கவில்லை. "போதும்ங்க. அந்தப் பொண்ணு அழுவுது பாருங்க. நல்லாவா இருக்கு?"

"அழட்டும். பதினோரு வருஷமா நான் மனசுக்குள்ள அழுதேனே, அதை யாரு பார்த்தா?"

நடுவர் பேனாவைத் திறந்தார். ஆட்சேபணை எழுத்தில் வந்தால் தீர்ப்பும் எழுத்தில்தான் போக வேண்டும். அதே தாளின் அடியில் நாலு வரி எழுதினார். நடுவில் ஒருமுறை பேனா நின்றது, பிறகு ஓடியது. எழுந்து, அன்றைக்கு முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு பேரும் போய் ஃபைனல் ஆடுங்க. மூணாவது மேசை."

"என்ன சார் அநியாயம்!" செயலாளர் மட்டையால் மேசையைத் தட்டினார். "அந்தப் புருஷன்காரனை விசாரிக்காமலே தீர்ப்பா?"

"விசாரிச்சாச்சு," என்றார் நடுவர். அட்டையையும் தாளையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கோர் பலகையை எடுத்துக்கொண்டு மூன்றாவது மேசைக்கு நடந்தார்.

செயலாளர் கடுப்போடு படித்தார். 'அட்டையில் உள்ளவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் விவாகரத்து ஆகி மூன்று வருடம் ஆகிறது. இப்போது இவர், தன்னுடன் ஆடுபவரின் மனைவி. இது எனக்கு நேரடியாகத் தெரியும்.'

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, விதிப்படி, நடுவரின் முழுப் பெயர். செயலாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கணவர் பெயர் என்ற இடத்தில் இருந்ததும் அதே பெயர்தான், ஓர் எழுத்துகூட மாறவில்லை.